கோட்டுக்கு இந்தப் பக்கம்

திரேஸ்புரத்து விக்டோரியா சித்திரப் பரீட்சையில் முதல் தடவை தோற்றதற்குக் காரணம் ஒரு தோணி. முழுத் தோணிகூட இல்லை, அதன் பாய் மட்டும்.

கணக்கில் தோற்றவர்களை அந்தத் தெரு நிறையப் பார்த்திருக்கிறது. இங்கிலீஷில் தோற்றவர்கள் வீட்டுக்கு ஒருவர் உண்டு. படம் வரைந்து தோற்றவள் இவள் ஒருத்திதான். அதிலும் தப்பாக வரைந்து தோற்றிருந்தால் மனசு ஆறிப்போகும். சரியாக வரைந்து தோற்றாள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அது 1973-ஆம் வருஷம். அவளுக்கு இருபத்தெட்டு வயது. கான்வென்டில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். அங்கே சிஸ்டர்மார்கள் தலையணை உறைக்கும் பீடத்துணிக்கும் பூத்தையல் போட்டு வெளியூருக்கு அனுப்புவார்கள். அந்தத் துணிகளில் பூவும் கொடியும் பென்சிலால் வரைந்து கொடுப்பது அவள் வேலை. புருஷன் மரியான், கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் 'அலங்கார மாதா' என்ற தோணியில் வேலை பார்த்தான். வீட்டில் இவளும் மாமியார் ஆக்னஸும்தான். கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. அந்தக் குறையை ஊர் மறக்கவில்லை, அவளையும் மறக்க விடவில்லை.

மரியான் நல்ல உயரம். மீசையை ஒதுக்கி ஒதுக்கிப் பேசுவான். வாயால் வடை சுடுகிற ஆள். ஆனால் அந்த வடை ருசியாகவும் இருக்கும், அதுதான் வம்பு. "அடுத்த நடைக்கு உனக்கு ஒரு ரேடியோ கொண்டாரேன்" என்பான். ரேடியோ வராது, ஒரு சோப்பு வரும். சோப்பைக் கையில் கொடுத்துவிட்டு ரேடியோவைப் பற்றி இன்னும் அரைமணி நேரம் பேசுவான். விக்டோரியாவும் கேட்டுக்கொண்டிருப்பாள். அவன் பேசுகிறபோது அவளுக்கு ரேடியோ தேவைப்படவில்லை.

தோணி விடிகாலையில் கிளம்பும். வழியனுப்ப வந்த பெண்கள், பாய் விரிந்ததும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு திரும்பி நடந்துவிடுவார்கள். மறைகிறவரை நின்று பார்க்கிற வழக்கம் அங்கே இல்லை.

"ஏளா, திரும்பி நட. மறையுற மட்டும் பாத்துக்கிட்டு நின்னா போனவனுக்குக் கரை மறந்துபோவும்" என்று ஆக்னஸ் மருமகளின் கையைப் பிடித்து இழுப்பாள்.

"சரி மாமி" என்பாள் விக்டோரியா. நாலு எட்டு நடந்து, செருப்பை மறந்துவிட்டேன் என்றோ பூத்தையல் துணி கொடுக்கவேண்டும் என்றோ ஏதாவது சொல்லிவிட்டு மறுபடியும் கரைக்கு ஓடுவாள். கரையேற்றிய வள்ளங்களுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் நின்று பார்ப்பாள்.

அப்படிப் பார்த்ததால்தான் மற்றப் பெண்களுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்தது. தோணி சிறுத்துச் சிறுத்துப் புள்ளியாகி மறைவதில்லை. முதலில் அதன் உடம்பு போகிறது. பாய் மட்டும் தண்ணீரில் நட்டுவைத்ததுபோல் நிற்கிறது. பிறகு பாயின் அடி தேய்கிறது, பிறகு நடு. கடைசியில் உச்சி. படியிறங்குகிறவனுக்குக் கால் மறைந்து, இடுப்பு மறைந்து, கடைசியாகத் தலை மறைகிற மாதிரி.

உச்சியும் போன பிறகு ஒருநாள் கால் வலித்துக் குந்தி உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள். பாயின் நுனி திரும்பவும் தெரிந்தது! உட்கார்ந்தாள், போய்விட்டது. எழுந்தாள், வந்துவிட்டது. அன்றைக்கு மரியானை அவள் மூன்று தடவை வழியனுப்பினாள். அப்புறம் பக்கத்து வீட்டு மொட்டைமாடிக்கு ஓடினாள். அங்கே ஏறியதும் பாய் பாதிக்கு மேல் தெரிந்தது. கடலின் அந்தக் கோடு அவளோடு சேர்ந்து மேலே ஏறியிருந்தது. அவள் ஏறின உயரத்துக்கு இன்னும் அரைமணி நேரத்து மரியான் கூடுதலாகக் கிடைத்தான். அன்றிலிருந்து அவன் போகும் நாளெல்லாம் அந்த மாடிக்கு வற்றல் காயப்போடப் போகிறவள் அவள்தான்.

1972 செப்டம்பரில் போன மரியான் நவம்பரில் தோணியோடு வரவில்லை.

மாடியிலிருந்து 'அலங்கார மாதா'வை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். கண்டுபிடிப்பது சுலபம். பெரிய பாயின் மேல்பாதி கிழிந்தபோது முதலாளி மேல்பாதிக்கு மட்டும் புதுத்துணி போட்டிருந்தார். முழுப்பாயும் மாற்ற அவருக்குக் கை வரவில்லை. அதனால் உச்சி வெள்ளை, கீழே மண்நிறம். கடல் முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு பாய் வேறு கிடையாது. தலை வாரி, பூ வைத்து, கரைக்கு ஓடினாள். ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். மரியான் இறங்கவில்லை.

தோணியை நடத்துகிற தண்டல் வளன், அவள் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைப் பார்த்துப் பேசினார்.

"அங்கன சரக்கு அடுக்குத கிட்டங்கில வேலை கெடைச்சிருக்கு தங்கச்சி. நல்ல வேலை. அடுத்த நடைக்கு வந்துருவான்லா."

அடுத்த நடைக்கும் அடுத்த நடை என்றார். கொழும்பில் மரியான் நன்றாக இருக்கிறான் என்று சொல்லி இரண்டு சோப்பு கொடுத்தார். விக்டோரியா மொட்டைமாடியில் நின்றதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஆக்னஸ் அவள் காதுபடவே சொல்லவில்லை. காதுபடாமலும் சொல்லவில்லை. ஆனால் விக்டோரியாவுக்கு அது கேட்டுக்கொண்டே இருந்தது. மறைகிறவரை பார்த்தது அவள்தானே. மூன்று தடவை மறைய மறையப் பார்த்தவள்.

அந்த நாளில்தான் தலைமை ஆசிரியை சிஸ்டர் இசபெல்லா அவளைக் கூப்பிட்டார்.

"விக்டோரியா, ட்ராயிங் டீச்சர் ரிட்டயர் ஆகப் போறாங்க. அந்தப் பரீட்சையை நீ பாஸ் பண்ணிட்டா இடம் உனக்குத்தான். பூவும் கொடியும் உனக்குத் தண்ணி பட்ட பாடு. தூரம் காட்டி வரையுற பெர்ஸ்பெக்டிவ் மட்டும் படிச்சுக்கோ."

நூலக அலமாரியிலிருந்து பூச்சி அரித்த ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. புத்தகமும், எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷும், அவளும்தான்.

முதல் பாடம், அடிவானக் கோடு. அது பார்க்கிறவரின் கண் மட்டம் என்று போட்டிருந்தது. உட்கார்ந்தால் தாழும், எழுந்தால் உயரும். விக்டோரியா சிரித்துவிட்டாள். வள்ளத்துக்குப் பின்னால் குந்தி எழுந்து கண்டதை எவனோ ஒரு வெள்ளைக்காரன் படம் போட்டு அச்சடித்திருக்கிறான்.

இரண்டாவது பாடம்தான் அவளைப் பிடித்துக்கொண்டது. கடல் தெரியாத இடத்திலும் அந்தக் கோடு உண்டு, கண்டுபிடிக்கலாம் என்றது புத்தகம். அவள் தெருவில் நின்று, ஒரு கண்ணை மூடி, ஸ்கேலை நீட்டிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் கூரை விளிம்புகள் தூரம் போகப்போகக் கீழே இறங்கின. சாக்கடைக் கல் வரிசை மேலே ஏறியது. இறங்குவதும் ஏறுவதும் தெருக்கோடியில் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தன. அதுதான் மறைபுள்ளி. அந்தப் புள்ளி வழியாகப் படுக்கைவசமாக ஒரு கோடு இழுத்தால் அதுதான் அடிவானம். சரியாக அவள் கண் மட்டத்தில். வீடுகள் மட்டும் இல்லையென்றால் அந்தக் கோட்டில் கடல் தெரியும். அன்றிலிருந்து கடலே தெரியாத சந்தில் நடக்கிறபோதும், குசினியில் அரிசி களைகிறபோதும், சுவருக்கு அந்தப் பக்கம் தன் கண் உயரத்தில் கடல் நிற்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கோயிலில் பூசை நேரத்தில்கூடத் தெரிந்தது. இது நல்லதா கெட்டதா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

உப்பளத்து வரப்புகளை வரைந்தாள். தோணிகள் சரக்கு இறக்கும் ஜெட்டியில் தள்ளுவண்டிக்குப் போட்ட தண்டவாளத்தை வரைந்தாள். அங்கேதான் இன்னொன்று பிடிபட்டது. உன் உயரமே உள்ள ஒருவர் உன்னோடு ஒரே தரையில் நின்றால், பக்கத்தில் நின்றாலும் பர்லாங் தூரத்தில் நின்றாலும், அடிவானக் கோடு அவர் கண் வழியாகத்தான் போகும். உன்னைவிட உயரமானவர் என்றால் கொஞ்சம் கீழே. மரியான் அவளைவிட அரைத்தலை உயரம். அவன் ஜெட்டியில் தோணியை நோக்கி நடந்து போனதெல்லாம் நினைவுக்கு வந்தது. ஆள் சிறுத்துக்கொண்டே போவான், கோடு மட்டும் அவன் மீசையைத் தொட்டபடி கூடவே போகும். எவ்வளவு தூரம் போனாலும் மீசையில்தான். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அன்றைக்கு அவள் அழுதாள். படிக்கிற பிள்ளை பாடம் புரியாமல் அழும். இவள் புரிந்து அழுதாள்.

மூன்றாவது பாடத்துக்கு வீடு போதவில்லை. ஒரு கிட்டங்கியை மூலையிலிருந்து பார்த்து வரைந்தால் அதன் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு மறைபுள்ளி. ஒன்று தாளுக்குள் விழுந்தால் மற்றது தாளை விட்டு வெளியே, எங்கேயோ போய் விழும். விக்டோரியா தாளைத் தரையில் ஒட்டி, குசினி நிலையின் அடியில் ஒரு ஆணி அடித்து, அதிலிருந்து தூண்டில் நரம்பை இழுத்துப் பிடித்துக் கோடு போட்டாள். ஆக்னஸ் தண்ணீர்ச் செம்போடு வந்தவள் நரம்பு தடுக்கிச் செம்பைப் போட்டாள்.

"யாருக்குளா கயிறு பிடிக்க? உன் மாமனாருதான் முத்துக்குளிச்ச காலத்துல கயித்தைக் கட்டிக்கிட்டு முங்குனாரு. நீ தரையில ஒக்காந்து யாரை முக்குத?"

"கோடு போடுதேன் மாமி. இந்தச் செவுத்துக் கோடெல்லாம் ஒரு புள்ளியில போய்ச் சேரணும்."

"புள்ளி எங்கன இருக்கு?"

"தாள்ல இல்ல மாமி. வெளிய இருக்கு. குசினி வாசல்ல."

ஆக்னஸ் குசினி வாசலைப் பார்த்தாள். "அங்கன ஒண்ணும் இல்லையே."

"இல்லதான். ஆனா எல்லாக் கோடும் அங்கனதான் போவுது."

ஆக்னஸ் ஈரத்தைத் துடைத்தாள். அன்றிலிருந்து நரம்பு கட்டியிருந்தால் சேலையைத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போனாள். திட்டவில்லை.

ஏப்ரலில் பாளையங்கோட்டையில் பரீட்சை. கேள்வி அவளுக்காகவே எழுதியதுபோல் இருந்தது. ஒரு துறைமுகத் தளம், ஒரு கிட்டங்கி, தண்டவாளம், தொலைவில் அடிவானத்தில் ஒரு பாய்மரப் படகு. விக்டோரியாவுக்குக் கை பறந்தது. கிட்டங்கியின் இரண்டு பக்கமும் பிசிறில்லாமல் ஓடின. தண்டவாளம் கோட்டில் போய்ச் சேர்ந்தது. கடைசியாகப் படகு. அடிவானத்தில் நிற்கிற தோணி எப்படி இருக்கும் என்று அவளைவிடத் தெரிந்தவர் அந்த ஹாலில் யார்? உடம்பில்லாமல், கோட்டுக்கு மேலே பாயை மட்டும் வரைந்தாள். உச்சி வெள்ளை, கீழே லேசாக ஒரு நிழல்.

தோற்றுப் போனாள். எங்கே தவறு என்று சிஸ்டர் இசபெல்லா தெரிந்தவர்கள் மூலம் விசாரித்து வந்து சொன்னார்.

"மத்ததெல்லாம் ரொம்ப நல்லா இருந்ததாம். படகைப் பாதியில விட்டுட்டியாமே. கேட்டதை வரையலன்னு மொத்த மார்க்கையும் குறைச்சிட்டாங்க. பாஸுக்கு மூணு மார்க் கம்மி."

"பாதியில விடல சிஸ்டர். அந்தத் தூரத்துல தோணி உடம்பு தெரியாது. பாய் மட்டும்தான் தெரியும். நான் பாத்திருக்கேன்."

புருஷன் கதை சிஸ்டருக்கும் தெரியும்.

"நீ பாத்தது சரிதான். உடம்பு மறைஞ்சிருச்சுன்னா தோணி கோட்டைத் தாண்டிப் போயிருச்சுன்னு அர்த்தம். தாள்ல கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கு விக்டோரியா. அந்தப் பக்கம் இருக்கிறதை வரையச் சொல்லி யாரும் கேக்கல."

அவர் பரீட்சையைத்தான் சொன்னார். விக்டோரியா வீடு வந்து சேர்கிறவரை அது பரீட்சையாகக் கேட்கவில்லை.

மே மாதம் முடிந்து காற்று கடுமையானது. இனி செப்டம்பர் வரை தோணி ஓடாது. கடைசித் தோணியிலும் மரியான் வரவில்லை. ஆகஸ்டில் மாதா திருவிழா வந்தது. சிங்கப்பூரில் இருப்பவன் வந்தான், பம்பாயில் இருப்பவன் வந்தான், ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் தலைகாட்டுகிறவன்கூட வந்தான். ஒன்றரை நாள் கடல் தூரத்தில் இருக்கிறவன் வரவில்லை. எதிர்ப்படுகிற பெண்கள் எல்லாம் "மரியான் வந்தாச்சா?" என்று கேட்டார்கள். தெரியாமல் கேட்டவர்கள் பாதி, தெரிந்துகொண்டே கேட்டவர்கள் பாதி. விக்டோரியா இரண்டு கூட்டத்துக்கும் ஒரே சிரிப்பைச் சிரித்தாள்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் 'அலங்கார மாதா' வந்தது. வளன் தண்டல் வீடு தேடி வந்து ஒரு பொட்டலம் கொடுத்தார். உள்ளே பன்னிரண்டு வண்ணப் பென்சில் உள்ள டப்பா, மூடியில் மயில் படம். "நீ படம் வரையிறது தெரிஞ்சு அவனே வாங்கினான் தங்கச்சி" என்றார்.

விக்டோரியாவுக்கு அந்த நிமிஷம் வந்த சந்தோஷத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு வருஷக் கோபம் அவ்வளவும் ஒரு தகர டப்பாவில் கரைந்து போயிற்று. அவள் வரைவது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டிருக்கிறான், நினைத்திருக்கிறான். விளக்கடியில் உட்கார்ந்து ஒவ்வொரு பென்சிலாக எடுத்துப் பார்த்தாள். மஞ்சள், பச்சை, நீலம் எல்லாம் புதுசு. சிவப்புப் பென்சில் மட்டும் கொஞ்சம் குட்டையாக இருந்தது. யாரோ சீவி எழுதியிருக்கிறார்கள். மறுநுனியைத் திருப்பினாள். கடித்திருந்தது. வரிசையாகச் சின்னச் சின்னப் பற்கள், அரிசி அளவு.

ஆக்னஸ் எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எலி கடிச்சிருக்கும்" என்றாள்.

"ஆமா மாமி. எலிதான்."

மறுநாள் காலையில் விக்டோரியா கரைக்குப் போனாள். வளன் மணலில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். அவள் நலம் விசாரிக்கவில்லை, சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணே, அந்தப் பிள்ளைக்கு எத்தனை வயசு?"

"நாலு" என்றார் வளன். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவருக்குத் தெரிந்தது. கயிற்றைக் கீழே போட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "பொம்பளப் புள்ள. என்னய மன்னிச்சிரு தங்கச்சி. சொன்னா இந்தக் குடும்பம் போவும், சொல்லாட்டி நான் பாவி. ஒரு வருசமா உன் மொகத்தைப் பாக்க முடியாமத்தான் கயித்தைப் பாத்துக்கிட்டு நிக்கேன்."

நாலு வயது. கல்யாணமான மறுவருஷம். அவள் மொட்டைமாடியில் அரைமணி நேரம் கூடுதலாகப் பார்த்துச் சந்தோஷப்பட்ட நாட்களிலெல்லாம் அந்தப் பக்கத்துக் கரையில் ஒரு தொட்டில் ஆடியிருக்கிறது. அங்கே ஒருத்தி பாயின் உச்சி முதலில் தெரியக் கண்டு, தலை வாரி, பூ வைத்துக் கரைக்கு ஓடியிருப்பாள். இவளுக்கு மறைந்த தோணி அவளுக்கு உதித்திருக்கிறது. ஒரே தோணி, ஒரே பாய். பாவி மனுஷன் ஒரே வாயால் இரண்டு கரையிலும் வடை சுட்டிருக்கிறான்.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு விக்டோரியா டப்பாவைத் திறந்தபோது சிவப்புப் பென்சில் இன்னும் குட்டையாக இருந்தது. கடித்த நுனியை யாரோ அரிவாள்மனையில் வைத்து நறுக்கி எறிந்திருந்தார்கள். வீட்டில் இருந்தது இரண்டே பேர். ஆக்னஸ் குசினியில் திரும்பி நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், ஒரு குழம்புக்கு வேண்டியதைவிட அதிகமாக.

ஜனவரி போயிற்று, பிப்ரவரி போயிற்று. விக்டோரியா பென்சிலைத் தொடவில்லை. குசினி நிலையில் ஆணி மட்டும் இருந்தது. ஒருநாள் ஆக்னஸ் அந்த ஆணியைக் காட்டிக் கேட்டாள்.

"பரீட்சை எப்பளா?"

"எழுதல மாமி."

"ஏன்? கப்பலே கவுந்தாலும் கன்னத்துல கை வைக்காதன்னு சொல்லுவாவ. இங்க கப்பல் கவுறக்கூட இல்ல. வேற கரையில கட்டிக் கெடக்கு." மகனைப் பற்றி அவள் வாய்விட்டுச் சொன்னது அது ஒன்றுதான். பிறகு மூலையில் சுருட்டிக் கிடந்த தூண்டில் நரம்பை எடுத்து, ஆணியில் கட்டி, மறுநுனியை மருமகள் மடியில் போட்டாள். "போடு கோட்டை. நான் தாண்டிப் போய்க்கிடுதேன்."

1974 ஏப்ரலில் அதே ஹாலில் கிட்டத்தட்ட அதே கேள்வி. ஜெட்டி, விளக்குக் கம்பங்கள், தொலைவில் பாய்மரப் படகு, விருப்பமிருந்தால் மனித உருவம் ஒன்று. நாய் வேஷம் போட்டால் குலைத்துத்தான் ஆகவேண்டும். இந்தத் தடவை தோணியை முழுசாக வரைவது என்று முடிவெடுத்துத்தான் வந்திருந்தாள். கோட்டுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீரில் உடம்பை வைத்தாள். மேலே மரம், பாய். வரைந்து முடித்து நிமிர்ந்து பார்த்தாள். பொய்யாக ஒன்று வரையப் போகிறோம் என்று நினைத்து வந்தவள், தன் கையாலேயே தோணியைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்து வந்திருந்தாள். உடம்பு தெரிகிறதென்றால் அது போகவில்லை. இங்கேதான் இருக்கிறது.

மனித உருவத்தை வரையாமல் விட்டிருக்கலாம், மார்க் குறையாது. வரைந்தாள். ஜெட்டியின் நடுவில் ஒரு விரல்நக அளவுக்கு ஒரு ஆள். அடிவானக் கோடு அவன் மீசையில் போயிற்று. முகம் கரைப்பக்கம். திருத்தினவருக்கு அந்த ஆள் யாரென்று தெரியாது. அளவு சரியாக இருக்கிறதென்று முழு மார்க் போட்டிருப்பார்.

பாஸாகிவிட்டாள். ஜூனில் வேலையில் சேர்ந்தாள். வகுப்பறை கான்வென்டின் மேல்மாடியில், கடலைப் பார்த்தபடி. முன்பு கரும்பலகை உள்சுவரில் இருந்தது, டீச்சர் கடலைப் பார்த்து நிற்கவேண்டும். விக்டோரியா சிஸ்டரிடம் கேட்டு அதை ஜன்னல் பக்கத்துச் சுவருக்கு மாற்றினாள். இப்போது பிள்ளைகளுக்குக் கடல் எதிரே, டீச்சருக்கு முதுகுக்குப் பின்னால். வெளிச்சத்துக்காக என்று காரணம் சொன்னாள். உண்மைக் காரணம் வேறு. கண் மறையப் பார்த்ததால்தானே அவனுக்குக் கரை மறந்தது. பார்க்காமல் இருந்தால் ஞாபகம் வந்தாலும் வருமல்லவா? எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், மறைபுள்ளியைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறவள், இப்படி நினைப்பாளா என்று கேட்கலாம். நினைத்தாள். அவனை வைது தீர்த்துவிட்டு, வைது முடித்த இடத்திலேயே நினைத்தாள். மொட்டைமாடிக்குப் போவதையும் விட்டுவிட்டாள். வற்றலை ஆக்னஸ்தான் காயப்போட்டாள்.

இரண்டு வருஷம் போனது. 1976 பிப்ரவரியில் ஒரு காலைநேரம், ஒன்பதாம் வகுப்புக்கு அடிவானக் கோடு பாடம். பலகையில் ஜெட்டி, கம்பங்கள், தொலைவில் ஒரு முழுத் தோணி வரைந்துகொண்டிருந்தாள். முன்வாங்கிலிருந்த பிளாரன்ஸ் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், நெசமாவே கோட்டு மேல ஒரு தோணி தெரியுது. ஆனா நீங்க போட்ட மாதிரி இல்ல. பாய் மட்டும்தான் இருக்கு."

விக்டோரியா திரும்பவில்லை. "போகுதா வருதா?"

"தெரியல டீச்சர்."

"பாத்துக்கிட்டே இரு. பாய் தேஞ்சா போகுது. உடம்பு தெரிஞ்சா வருது."

வகுப்பு முழுக்க ஜன்னலைப் பார்த்தது. முப்பத்தெட்டுப் பிள்ளைகள் சத்தமில்லாமல் இருந்தது அந்த வருஷத்திலேயே அன்றைக்குத்தான். விக்டோரியா பலகையில் போட்ட கம்பத்தின் மேலேயே மறுபடியும் கோடு போட்டாள். கால்மணி நேரம் போயிருக்கும்.

"டீச்சர், பாய் மேல்பாதி வெள்ளையா இருக்கு. கீழ்ப்பாதி அழுக்கு."

சாக்பீஸ் நின்றது.

வருகிறதென்றால் என்ன? இந்த மூன்று வருஷத்தில் அந்தத் தோணி எத்தனையோ தடவை வந்துவிட்டது. வந்ததில் வளன் இருந்தார், வெங்காய மூட்டை இருந்தது, ஒரு தடவை சோப்பு இருந்தது. அவன் இருந்ததில்லை. இந்தத் தடவை மட்டும் என்ன வந்துவிடப்போகிறது? அவளுக்கு அது பாடம் மாதிரி மனப்பாடம்.

"டீச்சர்! உடம்பு தெரியுது! வருது டீச்சர், வருது!" பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள்.

"சரி. எல்லாரும் ஸ்கேலை எடுங்க. முதல்ல கோடு போடணும்" என்றாள் விக்டோரியா. குரல் ஒழுங்காகத்தான் இருந்தது. சாக்பீஸ் பிடித்த கை மட்டும் அவளைக் கேட்காமலே மேலே போய், நெற்றியோர முடியை ஒதுக்கி ஒதுக்கிச் சரிசெய்துகொண்டிருந்தது.

முன்வாங்குப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டீச்சருக்கு ஒரு பக்கத்து முடி முழுக்க வெள்ளையாகியிருந்தது.